இடது பக்கத்துச் சீறல்

இவனைப் பற்றிப் பேசுவதென்றால் காதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றபடி அந்த ஆளிடம் எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டு வயது, முன்வழுக்கை, கால்சட்டைப் பை நிறையக் கறுப்பு டேப், கழுத்தில் எந்நேரமும் தொங்குகிற ஹெட்போன், ஊர் ஊராகப் பஸ்ஸில் உட்கார்ந்தே வளர்த்த தொப்பை. காது மட்டும் பாம்புச்செவி. மேடையில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். இவன் அரங்கத்தின் நடுவில் சத்தம் கலக்குகிற மிக்ஸருக்குப் பின்னால் நின்றபடி, "டிரம்ஸ்ல அந்தச் சின்னத் தட்டு விரிசல் விட்டிருக்கு, பாருங்க" என்பான். போய்ப் பார்த்தால் நகம் அளவுக்கு விரிசல் இருக்கும். அதனால் குழுவில் அவனுக்குப் பேரே பாம்புக்காது என்றாகிவிட்டது. அவனுடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருந்தது.

அவன் வேலை என்னவென்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. மைக் செட்டுக்காரர் என்பார்கள். மேடையில் பாடுவது அப்படியே ஜனங்களின் காதுக்குப் போய்விடாது. பாடகியின் மைக், கிட்டார் இரண்டு, டிரம்ஸுக்கு மட்டும் பத்து, இப்படி நாற்பத்திரண்டு கம்பிகள் அவனிடம் வந்து சேரும். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் ஒதுங்க வேண்டும், எது இடது பக்க ஸ்பீக்கரில், எது வலது பக்கத்தில் என்று பார்த்துப் பார்த்துக் கலந்து அனுப்புவது அவன் விரல்கள்தான். நன்றாக இருந்தால் பாடகிக்குக் கைதட்டல். சொதப்பினால் "சவுண்டு சரியில்லப்பா." இந்த நன்றிகெட்ட வேலையை அந்த மனுஷன் அதே பாடகியிடம் பத்தொன்பது வருடமாக உயிரைக் கொடுத்துச் செய்துவந்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த முறை சுற்றுப்பயணம் பதினோரு ஊர். ஏழாவது ஊருக்குப் பஸ் மலைப்பாதை இறங்கிப் போய்ச் சேர்ந்தது. காலையில் விழித்தபோது இடது காது அடைத்திருந்தது. மலை இறங்கினால் யாருக்குத்தான் அடைக்காது? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தான், வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுப் பார்த்தான், ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தான். பிறகு வேலை வந்துவிட்டது, அதை மறந்தும்போனான்.

மதியம் அந்த ஊர் உள்ளரங்கத்தில் சவுண்ட் செக். ஸ்பீக்கர்களையெல்லாம் ஏற்றிக் கட்டி முடித்தாயிற்று. அதற்குப் பொறுப்பு, ஏணி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆள். ஆறடி இரண்டங்குலம். இவனும் ஏணியும் ஒரே வயது, ஒரே மைக் கடையில் தொழில் தொடங்கியவர்கள், ஒருவரையொருவர் திட்டாமல் ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லை.

"ஏணி, இடது பக்கம் ஒரு சீறல் வருதுடா."

ஏணி காதைத் தீட்டிக் கேட்டான். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உனக்கு என்னைக்குடா கேட்டிருக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஏணியும் சிரித்துவிட்டு வேலையில் இறங்கினான். பாம்புக்காது சீறல் என்றால் சீறல்தான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இந்தத் தொழிலில் இரைச்சலைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. இருப்பதை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். எதை அணைத்ததும் நிற்கிறதோ அதுதான் திருடன்.

கிட்டார் ஆம்ப்பை அணைத்தார்கள். "இருக்கு" என்றான். கீபோர்டை அணைத்தார்கள். "இருக்கு." இடது பக்க ஸ்பீக்கர் கொத்தையே கீழே இறக்கிக் கேபிளை மாற்றினார்கள். "இன்னும் இருக்கு." விளக்குக்காரன் வாய்க்குள்ளே திட்டிக்கொண்டே தன் விளக்குகளை அணைத்தான். ஏ.சி.யை நிறுத்தினார்கள். வராந்தாவில் குளிர்பானம் வைக்கிற ஃபிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கினார்கள். ஒன்றரை மணி நேரம் போயிற்று. பாடகி வந்து மேடை ஓரத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தார். கடைசியில் ஏணி பின்கட்டுக்குப் போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டான்.

அரங்கம் கும்மிருட்டு. முப்பது பேர் நின்ற இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ யாரோ தொண்டையைச் செருமினார்கள், அவ்வளவுதான் சத்தம்.

"இப்ப?" என்று இருட்டிலிருந்து ஏணியின் குரல் வந்தது.

"இருக்கு" என்றான் பாம்புக்காது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கரண்டே இல்லாத ஸ்பீக்கர் எப்படிச் சீறும்? சீறல் நிற்கவில்லை. காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் விட்ட மாதிரி ஒரே சீராக, தலைக்குள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது.

"இல்ல, இல்ல. போயிடுச்சு. கரண்டைப் போடுடா" என்று அவசரமாகக் கத்தினான்.

விளக்குகள் எரிந்தன. அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இவன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு பாட்டை ஓடவிட்டான். வலது காதில் பாட்டு, இடது காதில் ஒன்றுமே இல்லை. ஹெட்போன் போய்விட்டது என்று ஒரு நொடி ஆசைப்பட்டான். கழற்றி இடம்வலம் மாற்றி மாட்டினான். பழுது ஹெட்போனில் இருந்தால் அதுவும் கூடவே வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடப்பக்கமே நின்றது. ஆயிரம் தடவை கேபிளுக்குச் செய்திருக்கிற சோதனைதான். தலைக்குச் செய்ய வேண்டி வருமென்று யார் கண்டது?

சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பது சுலபம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு குழுவில் மிக்ஸ் செய்கிற பெரியவர் ஒருவர் காதுக்கருவி மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். "அவர் மிக்ஸ் பண்ணா பக்கத்து ஊருக்கும் சேத்து டிக்கெட் விக்கலாம்" என்று ஒரு ஜோக் கிளம்பியது. ஆறே மாதத்தில் அந்த மனுஷருக்கு வேலை இல்லை. ஜோக்கைக் கிளப்பியது இவன்தான். அன்றைக்கு எல்லாரும் எப்படிச் சிரித்தார்கள் என்பது இப்போது முகம் முகமாக நினைவுக்கு வந்தது.

அதனால் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலம் ஒற்றைக் காதோடு ஷோ செய்தான். இரண்டு காதும் கேட்டால்தான் சத்தத்துக்கு அகலம் உண்டு. கிட்டார் அங்கே, கீபோர்டு இங்கே, நடுவில் பாடகி என்று ஒரு மேடையே காதுக்குள் விரியும். அன்றைக்கு எல்லாம் ஒரே மூலையில் வந்து குவிந்து கிடந்தன. வீடு மாற்றும்போது சாமான்களையெல்லாம் ஒரே அறையில் கொட்டி வைப்பார்களே, அந்த மாதிரி. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு திரையில் ஏறி இறங்குகிற பச்சைக் கோடுகளைப் பார்த்தான். பத்தொன்பது வருடத்துப் பழக்கம் விரலில் இருந்தது, அதை நம்பினான். இடது பக்க ஸ்பீக்கர் அவனுக்கு மந்தமாகவே கேட்டது. கொஞ்சம் ஏற்றினான், இன்னும் கொஞ்சம் ஏற்றினான். ஷோ முடிந்ததும் கைதட்டல் வழக்கம்போல் இடியாக இடித்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாதான் அவனைக் கெடுத்தது.

மறுநாள் காலை எட்டாவது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பல்வலி என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் காது டாக்டரைத் தேடிப் போனான். டாக்டர் சின்ன வயசுப் பெண். அவனை ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு விடாமல் அழுத்தினான். இடது காதுக்கு, பெஞ்சில் பாடம் தெரியாமல் நிற்கிற பையன் மாதிரி, பொத்தானைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"திடீர்னு நரம்பு அடிபட்டிருக்கு. ஏன்னு பல பேருக்குத் தெரியாமலே போயிடும்" என்றார் டாக்டர். "ஆனா நாள் முக்கியம். முதல் ரெண்டு வாரம்தான் நமக்கு இருக்கற அவகாசம். அதுலயும் முதல் சில நாள். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிங்க. செவிப்பறை வழியா ஊசி போடணும், மூணு நாளைக்கு ஒண்ணு. சத்தமே ஆகாது. ஓய்வுதான். ஒரு வாரம் என் கண்முன்னாடி இருங்க."

"இன்னும் நாலு ஷோ இருக்கு, பத்து நாளைக்குள்ள."

"என்ன ஷோ?"

சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தச் சத்தத்துல நிக்கப் போறீங்களா? இந்தக் காதோட?"

"மாத்திரை சாப்பிடறேன் டாக்டர். ஊசி மட்டும் அப்புறம்..."

"அப்புறம்னு ஒண்ணு இல்லைங்க" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது மனைவி போன் செய்தாள். வலது கை எப்போதும் மிக்ஸரில் இருப்பதால் இவனுக்குப் போன் என்றாலே இடது காதுதான். பழக்கத்தில் அங்கே வைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்தினான். பதில் இல்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு காதை மாற்றினான்.

"ஏங்க, என்ன ஆச்சு? எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

அவளிடம் மறைக்கத்தான் நினைத்தான். முடியவில்லை. நடுத்தெருவில், மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை பார்க்கிறவள். பன்னிரண்டு வருடமாகப் புதிதாக ஓட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவள். லேசில் பதறமாட்டாள். இப்போது பதறினாள்.

"இன்னைக்கே கிளம்பி வாங்க."

"நாலு ஷோதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

"எங்கிட்ட கத்துக்க வர்றவங்க பிரேக்கை மறந்துட்டா என் காலடியில இன்னொரு பிரேக் இருக்கு. உங்களுக்கு எங்கங்க இருக்கு? யாரு மிதிக்கறது? நான் அந்தப் பாடகியம்மாகிட்ட பேசறேன்."

"பேசின, அவ்வளவுதான். அப்புறம் எனக்கு இந்தத் தொழில்ல ஒரு இடம் இல்ல. என் தலைமேல சத்தியம் பண்ணு. பேசமாட்டேன்னு சொல்லு."

போனில் அவள் அழுவது கேட்டது. இவனும் அழுதான், ஆனால் விடவில்லை. கடைசியில் அவள் சத்தியம் செய்தாள். ஒருத்தன் தன் காதைத் தானே தொலைப்பதற்கு இவ்வளவு பாடுபட்டு ஆள் சேர்க்க வேண்டுமா என்று நமக்குத் தோன்றும். அந்த நேரத்தில் அவனுக்கு அது காதைக் காப்பாற்றுகிற மாதிரியே இருந்தது.

எட்டாவது ஊர், ஒன்பதாவது ஊர். மாத்திரை தூக்கத்தைத் தின்றது. நெஞ்சு படபடத்தது, பசி பேய்ப்பசியாகப் பசித்தது, சீறல் ஒரு நிமிடம் ஓயவில்லை. யாராவது "அண்ணே" என்று கூப்பிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் திரும்பினான். பிறகு ஏதோ அங்கே பார்க்க வேண்டியிருந்த மாதிரி ஒரு கேபிளைத் தட்டிவிட்டு நடித்தான். காலையில் விழித்ததும் கண்ணைத் திறக்காமலே இடது காதருகே இரண்டு விரலைத் தேய்த்துப் பார்ப்பான். ஒன்றும் கேட்காது. இன்றைக்கு நாலாம் நாள். இன்றைக்கு ஆறாம் நாள். உயிரோடு இருக்கிற ஒன்று உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் காவலாகத் தானே நின்றுகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் சாயங்காலமானால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் போய் நின்றான். பயம் மனுஷனை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு அளவே இல்லை.

ஒவ்வொரு ஷோவிலும் இடது பக்கத்தை முந்தினதைவிட அதிகமாக ஏற்ற வேண்டியிருந்தது. காது மேலும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் வெந்தான்.

பத்தாவது ஊரில், ஒன்பதாம் நாள் மதியம், அவனுக்கு ஒரு நப்பாசை வந்தது. ஒருவேளை இடது பக்க ஸ்பீக்கரே மந்தமாகியிருந்தால்? காதில் அவ்வளவு குறை இல்லாமல் இருந்தால்? ஏணி எங்கோ மேலே கூரைச் சட்டத்தில் இருந்தான். அவனுடைய லேப்டாப் மேடைக்குப் பக்கத்தில் திறந்தே கிடந்தது. மிக்ஸரிலிருந்து போகிற சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும் முன் கடைசியாகத் தாண்டுகிற வாசல் அது. எட்டிப் பார்த்தான்.

இடது பக்கத்துக்கு எதிரே எண்கள் இருந்தன. ஏழாவது ஊர், மூன்று குறைப்பு. எட்டாவது ஊர், நாலரை. ஒன்பதாவது ஊர், ஆறு. அன்றன்றைக்கு இவன் எவ்வளவு ஏற்றினானோ, அன்றன்றைக்கு அதே அளவு இறக்கப்பட்டிருந்தது. ஏழாவது ஊரிலிருந்தே.

ஏணி இறங்கி வந்து பார்க்கும்போது இவன் லேப்டாப் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"எப்பலேருந்துடா தெரியும்?"

ஏணி கையுறையைக் கழற்றினான். கழற்றுவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். "கரண்டை அணைச்ச அன்னைக்கே. இருட்டுல 'இருக்கு'ன்ன பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

ஏணி மேடைப் பக்கம் பார்த்தான். மேடையில் டிரம்ஸ்காரர் இறுகிக் கிடந்த திருகையே மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார். விளக்குக்காரன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்போதுதான் இவனுக்கு ஒன்று புலப்பட்டது. இத்தனை நாளாக இவனிடம் பேச வந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம்தான் நின்றிருக்கிறார்கள். ஏணி, மேனேஜர், கிட்டார்காரர்கள், சாப்பாடு கொண்டுவருகிற அம்மாள்கூட.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"அன்னைக்கு முப்பது பேர் நின்னுக்கிட்டிருந்தாங்கடா."

"ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ அப்படி மறைக்கறப்ப எப்படிடா கேக்கறது? கேட்டா அந்த இடத்துலயே செத்துடுவ போல இருந்துச்சு உன் மூஞ்சி" என்றான் ஏணி. அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "நீயா சொல்லட்டும்னுதான். அதுவரைக்கும் உன் பேர் கெட்டுடக் கூடாதுன்னு நான் பின்னாடி சரி பண்ணிக்கிட்டிருந்தேன்."

பாம்புக்காது எழுந்து நேராகப் பாடகியின் அறைக்குப் போனான். கதவைத் தட்டவில்லை. பத்தொன்பது வருடத்தில் அதுவே முதல் தடவை. பாடகி வெந்நீரில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். இவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"உட்காருங்கண்ணே."

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

பாடகி துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் போங்கன்னு சொன்னா உங்களை வேலையை விட்டு அனுப்பின மாதிரி ஆயிடும். ஊரெல்லாம் அப்படித்தான் பேசுவாங்க. நீங்களா வந்து கேட்டா அது லீவு. திரும்பி வந்து அதே இடத்துல நிக்கலாம். நீங்க வந்து கேக்கணும்னு தினமும் காத்துக்கிட்டிருந்தேண்ணே. கேட்டதும் உங்களை அனுப்பிட்டு உங்க இடத்துல நிக்க வேற ஒருத்தரையும் வரவழைச்சு வெச்சிருக்கேன். அஞ்சு நாளா ஓட்டல்லதான் இருக்கார்."

ஐந்து நாளாக இன்னொருவன் ஓட்டலில் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஐந்து நாளாக இவன் தன் காதைக் கொண்டுபோய் அந்தச் சத்தத்துக்கு நடுவில் வைத்திருக்கிறான். இவன் நிற்காவிட்டாலும் ஷோ நடந்திருக்கும். இவனுடைய ரகசியம் என்று ஒன்று முதல் நாளிலிருந்தே இல்லை.

"டாக்டர் ரெண்டு வாரம்னு சொன்னாரும்மா" என்றான். "இன்னைக்கு ஒம்போது நாள் ஆச்சு."

பாடகி வாயைப் பொத்திக்கொண்டார். அவகாசக் கணக்கு அவருக்குத் தெரியாது. காது கேட்கவில்லை என்று தெரியும், வயசாகி எல்லாருக்கும் வருகிறது போல என்று நினைத்திருக்கிறார். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். நாள் முக்கியம் என்பது இவன் ஒருவனுக்கும் இவன் மனைவிக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அவள் வாயையும் இவன்தான் கட்டி வைத்திருந்தான்.

அரை மணி நேரத்தில் அவனைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். ஏணி ஜன்னலுக்கு வெளியே நின்று ஏதோ சொன்னான். கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது கண்ணாடியாலா காதாலா என்றுகூட இவனுக்குத் தெரியவில்லை.

மனைவி பள்ளியின் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கே வந்திருந்தாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராக ஆஸ்பத்திரி. ஊசிகள் போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் தலை சுற்றி வாந்தி வந்தது. அவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, "சத்தியத்தை மீறியிருக்கணும், நான் மீறியிருக்கணும்" என்று அவனிடமும் நர்ஸிடமும் சுவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் மறுபடி கண்ணாடி அறை, மறுபடி பொத்தான். வெளியே வந்ததும் உள்ளூர் டாக்டர், ஒரு பெரியவர், காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். வலது காதின் கோடு மேலே இருந்தது. இடது காதின் கோடு அடியில் தரையோடு தரையாகக் கிடந்தது.

"முதல் நாளே வந்திருந்தா?" என்று கேட்டான். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தான்.

"திரும்பி வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். இதுல யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

எப்படியும் போயிருக்கும் என்று சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும். வந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் ஒரேயடியாக அழுது தீர்த்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் அந்த மனுஷர் வாழ்நாளுக்கும் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

பாடகி இரண்டு தடவை போன் செய்தார். உங்கள் இடம் உங்களுக்குத்தான் என்றார். மனசாரத்தான் சொன்னார். இவனும் சரிம்மா, சரிம்மா என்றான். ஒற்றைக் காதோடு மிக்ஸ் செய்கிறவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. முதல் நாளே கையைத் தூக்கியிருந்தால் இவனும் அப்படி ஒருவனாக ஆகியிருக்கலாம். ஆனால் இப்போது ஹெட்போனைக் கையில் எடுத்தாலே ஓட்டலில் ஐந்து நாள் உட்கார்ந்திருந்த அந்த முகம் தெரியாத ஆள் நினைவுக்கு வந்தான். உடனே கீழே வைத்துவிடுவான்.

அவர்கள் வீடு சின்னது. முன்னறை, படுக்கையறை, சமையலறை, பின்னால் துணி காயப்போடுகிற இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் நடையில் நின்று செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று மனைவி கூப்பிட்டாள்.

சமையலறைக்குப் போனான். அங்கே இல்லை.

"ஏங்க!"

படுக்கையறைக்குப் போனான். கட்டில்தான் இருந்தது. முன்னறையை எட்டிப் பார்த்தான். குரல் தெளிவாக, அருகில், தலைக்குள்ளேயே கேட்டது. ஆனால் அதற்கு ஒரு பக்கம் இல்லை, திசை இல்லை. அரங்கத்தின் நடுவில் நின்றுகொண்டு எந்த மைக் எந்தக் கம்பி என்று கண்ணை மூடிச் சொன்ன மனுஷன், நாலே அடி எடுத்துவைத்தால் முடிந்துபோகிற தன் வீட்டில், பொண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் நடையில் நின்றான்.

"ஏங்க, காதுல விழலையா?"

"விழுது" என்றான். "எங்க இருக்கன்னுதான் தெரியல. எங்கடி இருக்க?"

பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தாள், கையில் பாதி பிழிந்த துணியோடு. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தாள். துணியைத் தரையிலேயே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அங்கேயே, நடையிலேயே, வெகுநேரம் அழுதார்கள்.

சாயங்காலம் அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"ஏங்க, சமையலறை."

அவன் சமையலறைக்குப் போனான்.